பாலக்காடு கணவாய் 30 கிலோமீட்டர் தானே, பறவை ஏன் தாண்டல?

பொள்ளாச்சி_குமரன்:
வணக்கம்ங்க. ரொம்ப நாளா மண்டைக்குள்ள ஓடிட்டிருக்கற கேள்வி, இங்க தெரிஞ்சவங்க இருப்பீங்கன்னு கேக்கறேன். போன மாசம் ஊட்டில ஒரு பறவை நடைக்கு போயிருந்தோம். கூட வந்த அண்ணா ஒருத்தர், வெள்ளை புருவம், செம்பழுப்பு வயிறு வச்ச ஒரு பறவைய காட்டி, இது நீலகிரி சிரிப்பான், இந்த மலைல மட்டும் தான் இருக்குது, கொடைக்கானல்ல இருக்கறது வேற இனம், அதுக்கு பேரு பழனி சிரிப்பான்னாரு. ஒரு காலத்துல ரெண்டும் ஒண்ணா இருந்துச்சு, நடுவுல பாலக்காடு கணவாய் இருக்கறதால தனித்தனியா பிரிஞ்சு ரெண்டு இனமாயிருச்சுன்னும் சொன்னாரு.

எனக்கு இதுதாங்க ஏறல. நான் பொறந்து வளந்ததே கணவாய் வாசல்ல. ஆனி ஆடில அந்த காத்து அடிச்சா தென்னை மட்டையா விழும் எங்க தோப்புல. வாளையார் வழியா பாலக்காட்டுக்கு எத்தனை தடவை போயிட்டு வந்திருப்பேன்னு கணக்கே இல்ல. என்ன, ஒரு 30 கிலோமீட்டர், அகலமான இடத்துல 40 இருக்குமா? சைபீரியாவுல இருந்தெல்லாம் பறவை இங்க வந்துட்டு போகுது, ரெக்கை இருக்கற ஒரு பறவைக்கு இந்த 30 கிலோமீட்டர் ஒரு தடையா? அப்படியே தாண்டலைன்னாலும், தனியா இருந்தா மட்டும் எப்படி வேற இனமா மாறும்?

கோத்தகிரி_மலர்:
குமரன் தம்பி, நல்ல கேள்வி. நான் 12 வருஷமா இந்த பறவைகள பாத்துட்டு இருக்கேன், எங்க வீட்டு பின்னாடியே தவுட்டுப்பழம் பழுக்குற சீசன்ல சிரிப்பான் கூட்டமா வந்து உக்காரும், அதோட சத்தம் கேட்டு தான் பாதி நாள் எழுந்திருக்கறதே.

நீங்க தூரத்த பாக்குறீங்க, ஆனா அந்த பறவைக்கு பிரச்சனை தூரம் இல்ல. சோலைன்னா உயரமான மலை மேல இருக்குற ஈரமான பசுமைக் காடு. சோலைப் பறவைங்க பெரும்பாலும் 1400 மீட்டருக்கு மேல, குளிர்ல, ஈரத்துல வாழுறது. கணவாய் கடல் மட்டத்துல இருந்து வெறும் 140 மீட்டர் உயரம் கிட்ட தான் இருக்கு. அதாவது அது ஊட்டில இருந்து கிளம்பணும்னா முதல்ல சோலைய விடணும், அப்புறம் இலையுதிர் காடு, அப்புறம் முள்ளுக்காடு, வயல், உங்க தென்னந்தோப்பு, அப்புறம் அந்த பக்கம் திரும்ப அதே படில மேல ஏறணும். எதுக்கு அது அங்க போகணும்? பறக்க முடியுமா முடியாதான்றது ரெண்டாவது விஷயம், போகணும்னு அதுக்கு தோணவே தோணாது. சோலைக்குள்ள ஒரு பொதருக்கும் அடுத்த பொதருக்கும் தாவி தாவி பூச்சி, பழம் தின்னுட்டு இருக்குற ஜீவன் அது. சோலைக்கிளின்னு ஒண்ணு இருக்கு (நம்ம பச்சைக்கிளி இல்ல, மலையாளத்துல கிளின்னா பறவை, அந்த கிளி), அது இன்னும் கூச்சம், இருட்டான தரைல தத்திட்டு இருக்கும், வெயில் படுற எடத்துக்கு வர்றதே கொறைவு. அதை போய் பாலக்காட்டு வெயில்ல பற பறன்னா எப்படி?

சைபீரியா பறவைக்கு அந்த பயணம் அதோட பொழப்பு, பல தலைமுறையா அதுக்குன்னே உடம்பு அமைஞ்சிருக்கு. ரெண்டையும் ஒண்ணா வைக்காதீங்க.

இதனால தான் இந்த மலை உச்சிங்கள வானத்துல இருக்குற தீவுன்னு சொல்றாங்க. சுத்தி தண்ணி இருந்தா தான் தீவுன்னு இல்ல, சுத்தி வெக்கை இருந்தாலும் தீவு தான்.

செல்வம்77:
மன்னிக்கணும், நான் ஒத்துக்க மாட்டேன். நிறம் கொஞ்சம் மாறினா உடனே வேற இனம்னு பேர் வச்சிடுறாங்க. நாய்ல பாருங்க, ராஜபாளையம் ஒரு மாதிரி, பொமரேனியன் ஒரு மாதிரி, ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கும், ஆனா ஒரே இனம் தான? அப்ப ஊட்டி சிரிப்பானும் கொடைக்கானல் சிரிப்பானும் ஏன் ஒரே இனம் இல்ல? பக்கத்துல விட்டா ஜோடி சேராதா? யாராவது விட்டு பாத்தாங்களா?

ஓய்வு_விலங்கியல்_ஆசிரியர்:
செல்வம், இத கேக்காம யாரும் அடுத்த படிக்கு போகக்கூடாது, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன், பொறுமையா படிங்க. 31 வருஷம் பிளஸ் டூ பசங்களுக்கு நடத்தின பாடம், சிற்றினம்னு தான் போர்டுல எழுதுவேன், இங்க இனம்னே வச்சுக்குவோம்.

எர்ன்ஸ்ட் மையர்னு ஒரு பறவையியலாளர், 1942ல சொன்ன வரையறை தான் இன்னைக்கும் பாட புஸ்தகத்துல இருக்கு: தங்களுக்குள்ள இனப்பெருக்கம் பண்ணிக்கிற, மத்த கூட்டத்தோட அப்படி பண்ணிக்காத ஒரு கூட்டம் தான் ஒரு இனம். நாய் எந்த நாய் கூடவும் சேரும், தெருவுல பாக்குறோமே, அதனால எல்லா நாயும் ஒரே இனம். அங்க ஜீன் ஓடிட்டே இருக்கு. மனுஷன் கயிறு போட்டு தடுத்து வச்சிருக்கான், கயிறு அவுந்தா ரெண்டு மூணு தலைமுறைல எல்லாம் கலந்துரும்.

இப்ப ஒரு பறவை கூட்டம் நடுவுல வெட்டுப்பட்டு ரெண்டா போச்சுன்னு வைங்க. வடக்க ஒரு ஆயிரம், தெக்க ஒரு ஆயிரம். ரெண்டு பக்கமும் ஒவ்வொரு தலைமுறைலயும் ஜீன்ல சின்ன சின்ன எழுத்துப் பிழை வந்துகிட்டே இருக்கும், இத யாராலும் நிறுத்த முடியாது. முன்னாடி வடக்க வந்த மாற்றம் கலப்புல தெக்கயும் பரவும், தெக்க வந்தது வடக்க வரும், அதனால கூட்டம் மொத்தமும் சேந்தே மாறும். இப்ப பரவ வழியில்ல. வடக்கோட மாற்றம் வடக்கயே தங்குது. அதுல சிலது அந்த எடத்து குளிருக்கும் சாப்பாட்டுக்கும் உதவுறதால நிக்கும், சிலது எந்த காரணமும் இல்லாம, சும்மா குருட்டு வாய்ப்புல நிக்கும், கூட்டம் சின்னதா இருந்தா இந்த குருட்டு வாய்ப்போட கை ரொம்ப ஓங்கும்.

சரி, இதுல கலப்பு எப்படி நிக்குது? இத தான் டப்ஜான்ஸ்கி, முல்லர்னு ரெண்டு பேர் விளக்கினாங்க. வடக்க ஒரு ஜீன் மாறுது, அது வடக்க இருக்குற மத்த ஜீன்களோட ஒத்துப் போகுது, அதனால தப்பிச்சுது. தெக்க வேற ஒரு ஜீன் மாறுது, அது தெக்க இருக்குறதோட ஒத்துப் போகுது. ஆனா வடக்கோட புதுசும் தெக்கோட புதுசும் ஒரே உடம்புல இதுவரைக்கும் சேந்ததே இல்ல, சேந்தா சரியா வேலை செய்யும்னு எந்த உத்தரவாதமும் கிடையாது. பல லட்சம் வருஷம் கழிச்சு ரெண்டும் சந்திச்சு ஒரு குஞ்சு பொறந்தா அது மலடா இருக்கலாம், முட்டைலயே சாகலாம். யாரும் திட்டம் போட்டு பிரிக்கல, தனித்தனியா வாழ்ந்ததோட பக்க விளைவு அது.

விட்டு பாத்தாங்களான்னு கேட்டீங்க. இந்த பறவைல இல்ல, ஆனா இறால்ல பாத்திருக்காங்க. பனாமா நிலப்பாலம் சுமார் 30 லட்சம் வருஷம் முன்னாடி மூடினப்ப பசிபிக் கடலும் கரீபியன் கடலும் தனியா போச்சு, ரெண்டு பக்கமும் விரல் சொடுக்குற மாதிரி சத்தம் போடுற ஒரு வகை இறால் இருக்கு. பாத்தா அச்சு அசல் ஒரே மாதிரி. நான்சி நோல்டன்னு ஒரு கடல் உயிரியலாளர், இந்த பக்கத்து ஆண அந்த பக்கத்து பெண்ணோட தொட்டில விட்டு பாத்தாங்க. பல ஜோடி சண்டை போட்டுச்சு, பொழைக்கிற முட்டை வச்சது ரொம்ப ரொம்ப கொஞ்சம். கண்ணுக்கு ஒண்ணு மாதிரி தெரியுது, ஆனா அதுங்களுக்கு தெரிஞ்சிருக்கு இது நம்ம ஆளு இல்லன்னு.

பொள்ளாச்சி_குமரன்:
சார், கோடி நன்றிங்க. இறால் கதை படிச்சுட்டு ரெண்டு தடவை திரும்ப படிச்சேன். இன்னொரு சந்தேகம். கணவாய் எப்ப உண்டாச்சு? அது கோடிக்கணக்கான வருஷம் பழசுன்னு எங்கயோ படிச்சிருக்கேன். அப்ப இந்த பறவைங்களும் அத்தனை வருஷம் முன்னாடியே பிரிஞ்சிருக்கணும்ல?

கோத்தகிரி_மலர்:
இல்ல தம்பி, இங்க தான் விஷயம் சூடு பிடிக்குது. கணவாய் ரொம்ப பழசு, பறவை பிரிஞ்சது அத விட ரொம்ப பின்னாடி. 2015ல பறவை ஆராய்ச்சியாளர் வி.வி. ராபினும் அவங்க குழுவும் மேற்குத் தொடர்ச்சி மலைல 9 எடத்துல 23 வகை மலைப் பறவை, மொத்தம் 356 பறவை, புடிச்சு துளி ரத்தம் எடுத்துட்டு விட்டு, டிஎன்ஏ பாத்தாங்க. 23ல 10 வகைல பாலக்காடு கணவாய்க்கு வடக்கயும் தெக்கயும் பிரிவு தெளிவா தெரிஞ்சுது, அதுவும் அந்த பறவையோட வரலாத்துலயே பழைய பிரிவு அதுதான். அந்த 10லயே சிலதுல மட்டும் இன்னும் சின்ன பள்ளத்தாக்குலயும் பிரிவு இருக்கு, ஆனா அது அப்புறம் நடந்தது.

முக்கியமா, இந்த 10 வகையும் ஒரே நாள்ல பிரியல. ஆளுக்கு ஒரு காலம். பெரும்பாலும் பனியுக காலத்துக்குள்ள, அதாவது கடந்த 26 லட்சம் வருஷத்துக்குள்ள. கணவாய் அப்படியே தான் இருந்துச்சு, மாறினது மேல இருக்குற காடு. உலகம் குளுந்து வறண்டு, அப்புறம் வெதுவெதுன்னு ஈரமாகி, திரும்ப வறண்டு, இப்படி போயிட்டு வந்துட்டு இருந்துச்சு. ஊட்டிக்கு பக்கத்துல சாண்டிநல்லா சதுப்புல படிஞ்ச மண்ண தோண்டி, ராமன் சுகுமாரும் கூட்டாளிகளும் 1993லயே காட்டினாங்க. மரம் மக்கின மண்ணுல கார்பன் ஒரு மாதிரி இருக்கும், வெயில் காட்டு புல்லு மக்கின மண்ணுல வேற மாதிரி. சுமார் 20,000 வருஷம் முன்னாடி, கடைசி பனியுகம் உச்சத்துல இருந்தப்ப நீலகிரி மேல வறட்சி, புல்லு தான் அதிகம். அப்புறம் மழை கூடி மரம் திரும்பி வந்துச்சு.

அப்ப யோசிச்சு பாருங்க, சோலை சுருங்குது, விரியுது, திரும்ப சுருங்குது. விரியும்போது ரெண்டு பக்கத்து கூட்டம் கிட்ட வருது, சிலது தாண்டியும் இருக்கலாம். சுருங்கும்போது கதவு சாத்துது. கதவு எந்த தடவை சாத்தினப்ப எந்த பறவை எந்த பக்கம் மாட்டுச்சுன்றத பொறுத்து அதோட தேதி.

மீதி 13 வகைல கணவாய் ஒண்ணுமே பண்ணல, அதையும் சொல்லிடறேன். அதுங்க இன்னும் போக்குவரத்துல இருக்கலாம், இல்ல ஒரு பக்கம் அழிஞ்சு திரும்ப மறுபக்கத்துல இருந்து வந்து குடியேறி இருக்கலாம். தடைன்னு நாம மேப்ல கோடு போடறோம், ஒவ்வொரு உயிருக்கும் அது வேற வேற உயரத்துல இருக்கு.

ஓய்வு_விலங்கியல்_ஆசிரியர்:
மலர் சொன்னதுக்கு மேல ஒண்ணு. மனுஷனுக்கு மலை சுவரு, கணவாய் வாசல். தமிழ்நாட்டுக்கும் கேரளாவுக்கும் வியாபாரம், கல்யாணம், படையெடுப்பு எல்லாம் நடந்தது அந்த வாசல்ல தான். சோலைப் பறவைக்கு அப்படியே தலைகீழ், மலை அதுக்கு வீதி, கணவாய் அதுக்கு சுவரு. ஒரே எடம்.

தென்காசி_இசக்கி:
அண்ணாச்சி எல்லாரும் பாலக்காட்டையே பேசுதீய, எங்க ஊர விட்டுட்டீய. செங்கோட்டைல இருந்து புனலூருக்கு ரயில் போகுதுல்லா, ஆரியங்காவு கணவாய், அதுவும் ஒரு வெட்டு தான். அகலம் பாத்தா பாலக்காட்டுல கால்வாசி கூட வராது, 7 - 8 கிலோமீட்டர் தான். ஆனா அதுக்கு தெக்க அகத்தியமலைல இருக்க சிரிப்பான் வேற. வடக்க இருந்து வரிசையா சொல்லுதேன் பாருங்க: வயநாட்டு பக்கம் பாணாசுர சிரிப்பான், அது ஒரு சில மலை உச்சில மட்டும், எண்ணிக்கை ரொம்ப கம்மி. அப்புறம் நீலகிரி சிரிப்பான். பாலக்காடு தாண்டினா ஆனைமலை, மூணாறு, கொடைக்கானல்னு பழனி சிரிப்பான். எங்க கணவாய் தாண்டினா அசம்பு சிரிப்பான். ஒரே குடும்பத்து நாலு பேரு, நாலு வீடு, நடுவுல மூணு பள்ளம். 2017ல ராபின் குழு இவங்களுக்குன்னு மான்டிசின்க்லான்னு புது பேரினமே (நெருங்கின சொந்தமான இனங்கள சேத்து வைக்கிற குழு) வச்சாங்க, சோலைக்கிளிக்கு ஷோலிகோலான்னு வச்சாங்க. நம்ம சோலைங்குற சொல்லு லத்தீன் பேருக்குள்ள போய் உக்காந்துட்டு, அத நெனைச்சா எனக்கு மனசு நெறஞ்சு போவுது.

செல்வம்77:
சார் விளக்கம் புரிஞ்சது, இறால் விஷயத்துல நான் மறுக்க முடியல. ஆனா ஒரு ஓட்டை இருக்கு. இந்த நாலு சிரிப்பானும் சந்திக்கவே போறதில்ல. மையர் வரையறைப்படி சந்திச்சா தான ஜோடி சேருமா சேராதான்னு தெரியும்? அப்ப இது ஒரு யூகம் தான? யார் முடிவு பண்றது?

ஓய்வு_விலங்கியல்_ஆசிரியர்:
சரியான எடத்துல கை வச்சீங்க. இது உண்மையிலேயே கஷ்டம் தான், மறைக்க வேண்டியதில்ல. சந்திக்காத கூட்டங்கள பத்தி நேரடியா சோதிக்க முடியாதப்ப, பல சாட்சிய சேத்து வச்சு தீர்ப்பு சொல்றாங்க: டிஎன்ஏல எவ்வளவு தூரம், நிறம், உடம்பு அளவு, எல்லாத்துக்கும் மேல பாட்டு. பறவைக்கு பாட்டு தான் ஜாதகம், பெண் பறவை பாட்டு கேட்டு தான் இது நம்ம ஆளுன்னு முடிவு பண்ணுது. நீலகிரி சோலைக்கிளிக்கு விலாவுல செம்பழுப்பு இருக்கு, தெக்க இருக்குற வெள்ளை வயிறு சோலைக்கிளிக்கு அது இல்ல, பாட்டும் வேற. ரெண்டையும் பல வருஷம் ஒரே இனம்னு தான் புஸ்தகத்துல எழுதி வச்சிருந்தாங்க. அசம்பு மலை சோலைக்கிளிய ராபின் குழு தனி இனம்னு சொன்னாங்க, ஆனா அத தனியா ஏத்துக்காம வெள்ளை வயிறு சோலைக்கிளியோட சேத்து வச்சிருக்குற பட்டியலும் இருக்கு. அதாவது வல்லுநர்களுக்குள்ளயே கோடு எங்க போடறதுன்னு வித்தியாசம் இருக்கு.

இருக்கத்தான் செய்யும். தமிழும் மலையாளமும் எந்த வருஷம், எந்த நாள்ல பிரிஞ்சுதுன்னு யாராவது சொல்ல முடியுமா? எந்த அம்மாவும் வேற மொழி பேசுற புள்ளைய பெக்கல. ஒவ்வொரு தலைமுறையும் தன்னோட அப்பன் ஆத்தா பேசினத தான் பேசுச்சு. ஆனா இன்னைக்கு ரெண்டு மொழி இருக்கு. இனம் உருவாகுறதும் அப்படி ஒரு சரிவு, அதுல படிக்கட்டு கிடையாது.

அந்த சரிவ அப்படியே நிலத்துல விரிச்சு காட்டுற பறவை ஒண்ணு இருக்கு, பச்சைக் கதிர்க்குருவி. குளிர்காலத்துல நம்ம மரத்துலயே வந்து பூச்சி புடிக்கும். அது முட்டை வைக்கிறது ஆசியாவுல, திபெத் பீடபூமிய சுத்தி ஒரு மாலை மாதிரி அதோட கூட்டங்க இருக்கு. இமயமலைல ஆரம்பிச்சு மேற்கு பக்கமா ஒரு கை, கிழக்கு பக்கமா ஒரு கை, ரெண்டும் வடக்க சைபீரியாவுல போய் சந்திக்குது. வழி நெடுக பக்கத்து பக்கத்து கூட்டம் பாட்டு கொஞ்சம் கொஞ்சமா மாறிட்டே போகுது. சைபீரியாவுல சந்திக்கிற ரெண்டு முனையும் ஒருத்தர் பாட்டை ஒருத்தர் கண்டுக்கிறதில்ல, கலக்குறதில்ல. டேரன் இர்வின்னு ஒருத்தர் பல வருஷம் அலைஞ்சு பதிவு பண்ணி காட்டினாரு. இமயமலைல இருந்து வழி நெடுக பாத்தா ஒரே இனம், சைபீரியாவுல நின்னா ரெண்டு இனம். எங்க கோடு போடுவீங்க செல்வம்?

செல்வம்77:
இது ரொம்ப நியாயம் சார். ஒரு நாள்ல கோழி முட்டைல இருந்து வாத்து வந்த மாதிரி நான் கற்பனை பண்ணிட்டு இருந்தேன், அதனால தான் நம்ப முடியாம இருந்துச்சு.

யாழ்_நிலா:
நான் யாழ்ப்பாணம், இப்ப பேராதனையில படிக்கிறன். இவ்வளவு நேரமா வாசிச்சுக்கொண்டு இருந்தனான், ஒரு விசயம் சேர்க்கோணும் எண்டு நினைச்சன். பள்ளம் இல்லாமலும், கடல் இல்லாமலும் கூட தனிமை வரும் எண்டதுக்கு எங்கட தீவே சாட்சி.

இலங்கைக்கும் இந்தியாவுக்கும் நடுவில இருக்கிற கடல் ஆழம் குறைஞ்சது தெரியும்தானே. பனியுகம் வரேக்க கடல் மட்டம் கீழ இறங்கும், அப்ப பாக்கு நீரிணை வெறும் தரை. கடந்த 5 லட்சம் வருசத்தில பல தரம் அப்பிடி இணைஞ்சிருக்குது, கடைசியா விட்டுப் போய் சுமார் 10,000 வருசம்தான். அப்ப ரெண்டு பக்கத்து உயிரினமும் கலந்திருக்கோணும் எல்லோ? ஆனா 2004ல போசைட் எண்ட ஆராய்ச்சியாளரும் கூட வேலை செய்த ஆக்களும் தவளை, நண்டு, மீன், பாம்பு எண்டு பல கூட்டத்தின்ர டிஎன்ஏயைப் பாத்தா, இலங்கையில இருக்கிறதுகள் பெரும்பாலும் தனிக் கிளை. நடந்து வரப் பாதை இருந்தும் வரேல்லை. ஏன் எண்டால் அந்தப் பாதை வறண்ட சமவெளி. ஈர மலைக்காட்டுத் தவளைக்கு கடலும் ஒண்டுதான், காஞ்ச தரையும் ஒண்டுதான். மலர் அக்கா சொன்ன அதே கதைதான், அளவுதான் பெரிசு.

எங்கட பற்றைத் தவளைகள் முட்டையை தண்ணியில இடாது, வாற்பேத்தை (தலைப்பிரட்டை) பருவமே இல்லை, முட்டைக்குள்ளயே முழுத் தவளையா வளர்ந்து வெளியில வரும். குளம் குட்டை தேவையில்லை, ஈரமான இலையோ மண்ணோ போதும். அதனால மலை உச்சியிலயே ஒரு சின்ன இடத்தில காலம் முழுக்க இருந்திடும், ஆறு வழியா கீழ இறங்கிப் பரவுற வேலையும் இல்லை. இலங்கையில மட்டும் 70க்கு மேல இனம், அதில கன இனம் ஏற்கனவே அழிஞ்சு போச்சுது. அருங்காட்சியகத்தில போத்தலுக்குள்ள மட்டும் இருக்கிறதுகளைப் பாக்கேக்க எனக்கு தொண்டை அடைச்சுப் போடும்.

கோத்தகிரி_மலர்:
நிலா, அந்த தவளைகளோட சொந்தக்காரங்க இங்கயும் இருக்காங்க. ராவோர்செஸ்டஸ் பேரினம், நம்ம மலைல ஒவ்வொரு உச்சிக்கும் ஒண்ணுன்னு சொல்ற அளவுக்கு. 2014ல ஒரே ஆய்வுக் கட்டுரைல 9 புது இனம் வந்துச்சு. ஆனைமுடி உச்சில, 2695 மீட்டர் மலை அது, ஒரு செம்மஞ்சள் நிற குட்டித் தவளை இருக்கு, உலகத்துலயே அந்த உச்சிய சுத்தி ஒரு சில சதுர கிலோமீட்டர்ல மட்டும். ஒரு காட்டுத்தீ போதும், அப்புறம் அது கிடையாது. இத நெனைச்சு எத்தனை நாள் தூக்கம் கெட்டிருக்கு.

பொள்ளாச்சி_குமரன்:
மேடம், யானை எப்படிங்க? எங்க பக்கம் மதுக்கரை, வாளையார் ரயில் பாதைல யானை வர்ற செய்தி அடிக்கடி பாக்கறோம். அது நடந்தே தாண்டிருமே.

கோத்தகிரி_மலர்:
யானையோட டிஎன்ஏவையும் பாத்திருக்காங்க தம்பி, சாணத்துல இருந்து எடுத்து. நீலகிரி பக்கத்து யானையும் ஆனைமலை பெரியாறு பக்கத்து யானையும் ஜீன்ல தனித்தனியா தெரியுது, கணவாய் யானைக்கும் தடையா இருந்திருக்கு. ஆனா இனம் ஒண்ணு தான், ஆசிய யானை. வரையாடும் அப்படி, வடக்கு ஒரு கிளை, தெற்கு ஒரு கிளை, இனம் ஒண்ணு. சிரிப்பான் இனமாவே பிரிஞ்சாச்சு. ஆசிரியர் சொன்ன சரிவ இங்கயே பாக்கலாம், ஒரே கணவாய், ஒவ்வொருத்தர் ஒவ்வொரு எடத்துல நிக்கிறாங்க. யானை ஒரு தலைமுறைக்கு இருபது வருஷத்துக்கு மேல எடுக்கும், சின்ன பறவை ஒண்ணு ரெண்டு வருஷத்துலயே முட்டை வைக்கும். வருஷத்த விட எத்தனை தலைமுறை ஓடுச்சுன்றது தான் கணக்கு.

காங்கேயம்_பிரபு:
குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். அப்படின்னா மனுஷங்களும் தனியா இருந்தா வேற இனமா மாறுவாங்களா? சில பேர் இத வச்சு தப்பு தப்பா பேசறாங்க, அதான் கேக்கறேன்.

ஓய்வு_விலங்கியல்_ஆசிரியர்:
இல்ல பிரபு. ஆஸ்திரேலியா பூர்வகுடி மக்கள் அங்க போய் சுமார் 50,000 வருஷம் ஆச்சு, பெரும்பாலும் தனியா தான் இருந்தாங்க, ஆனா தலைமுறை கணக்குல பாத்தா 2000 தலைமுறை சுமாருக்கு தான் வரும். உலகத்துல எந்த மூலைல இருக்குறவங்களும் ஒரே இனம். அதவிட முன்னாடி, பல லட்சம் வருஷம் தனியா இருந்த நியாண்டர்தால் மனுஷங்களோடவே நம்ம மூதாதைங்க கலந்திருக்காங்க, ஆப்பிரிக்காவுக்கு வெளிய இருக்குற எல்லாரோட டிஎன்ஏலயும் அதோட தடம் 1 - 2 சதவீதம் இருக்கு, உங்களுக்கும் எனக்கும் சேத்து. யாராவது இத வச்சு மனுஷன பிரிச்சு பேசினா அவங்களுக்கு இந்த பாடமே தெரியலன்னு அர்த்தம்.

ஈரோடு_தமிழ்:
ஒரு யோசனை. இப்ப டீ எஸ்டேட், யூகலிப்டஸ், சீகை மரத்தோப்பு எல்லாம் வந்து சோலைய துண்டு துண்டா ஆக்கிடுச்சு. அப்ப ஒவ்வொரு துண்டுலயும் தனிமை. இன்னும் நிறைய புது இனம் வருமா? அப்படின்னா அது நல்லது தானே?

கோத்தகிரி_மலர்:
தமிழ், இத நிறைய பேர் கேக்குறாங்க, கொஞ்சம் கோவமா தோணினா மன்னிச்சிடுங்க, கோவம் உங்க மேல இல்ல. இல்ல, வராது.

ராபின் குழு சோலைக்கிளிங்கள வச்சு இதையே தான் பாத்தாங்க. பழைய பள்ளத்தாக்கால பிரிஞ்ச கூட்டம் ஒரு பக்கம், இப்ப காடு அழிஞ்சதால பிரிஞ்ச கூட்டம் ஒரு பக்கம். முன்னாடி ஜீன் தாராளமா போய் வந்துட்டு இருந்த எடத்துலயே காடு வெட்டினதுக்கு அப்புறம் போக்குவரத்து குறைஞ்சிருக்கு. பாட்டுல கூட வித்தியாசம் வர ஆரம்பிச்சிருக்கு, குட்டிப் பறவை பக்கத்துல இருக்குற பெரிய பறவை பாடறத கேட்டு தான் கத்துக்குது, கேக்கறதுக்கு ஆளு குறைஞ்சா பாட்டும் மாறும் தானே. எங்க தாத்தா காலத்துல ஒரே பாட்டு பாடின ரெண்டு சோலை, இன்னைக்கு வேற வேற பாட்டு.

ஆனா இனம் உருவாக லட்சக்கணக்குல வருஷம் அந்த கூட்டம் உசுரோட இருக்கணும். அஞ்சு ஏக்கர் சோலைல முப்பது பறவை இருந்தா சொந்தத்துக்குள்ளயே ஜோடி சேரும், கெட்ட ஜீன் தங்கும், ஒரு வருஷம் மழை பொய்ச்சாலோ ஒரு நோய் வந்தாலோ முடிஞ்சுது. பழைய காலத்துல சோலை சுருங்கினப்ப பல துண்டு இப்படி தான் அழிஞ்சிருக்கும், இன்னைக்கு நாம பாக்குற நாலு சிரிப்பான் பொழைச்சதுங்க. அப்ப காடு திரும்பி வர்றதுக்கு ஆயிரக்கணக்குல வருஷம் இருந்துச்சு. இப்ப டீ செடி திரும்பி சோலையா போகாது. பூமி சூடாக சூடாக குளிர் மேல மேல ஏறுது, உச்சில இருக்குறதுக்கு அதுக்கு மேல ஏற மலை இல்ல.

தென்காசி_இசக்கி:
மலர் அக்கா சொன்னது நெஞ்சுல தச்சிட்டு.

பொள்ளாச்சி_குமரன்:
மூணு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். போன சனி ஞாயிறு கொடைக்கானல் போயிருந்தேன், இந்த இழைய படிச்சதுக்கு அப்புறம் போகாம இருக்க முடியல. காலைல ஆறே காலுக்கு ஒரு சோலை ஓரத்துல நின்னுட்டிருந்தேன், பழனி சிரிப்பான் ஒரு அஞ்சாறு வந்துச்சு. புருவம் வெள்ளையா அதே மாதிரி, ஆனா நெஞ்சு சாம்பல், ஊட்டில பாத்ததுக்கு நெஞ்சும் செம்பழுப்பு. பக்கத்துல ரெண்டு படத்தையும் வச்சு பாத்தா தான் உறைக்குது. சத்தத்த போன்ல பதிவு பண்ணி இருக்கேன், ஊட்டில எடுத்ததோட சேத்து இங்க போட்டிருக்கேன், யாராச்சும் கேட்டுட்டு சொல்லுங்க. திரும்பி வரும்போது பழனி பக்கம் இறங்கினோம், காத்து நின்னு வானம் வெளுத்திருந்துச்சு, வடக்க பாத்துட்டே வந்தேன். அந்த பறவை ஒரு தடவை கூட அந்த பக்கம் திரும்பி பாத்திருக்காதுன்னு தோணுச்சுங்க.

கோத்தகிரி_மலர்:
கேட்டேன் தம்பி, ரெண்டும் நல்லா வந்திருக்கு, ஹெட்போன் போட்டு கேட்டா வித்தியாசம் தெரியுது. கொடைக்கானல் பதிவுல 14வது வினாடில இருந்து பின்னாடி மெலிசா ஒரு விசில் மாதிரி கேக்குதே, அது சிரிப்பான் இல்ல, எனக்கு வெள்ளை வயிறு சோலைக்கிளி மாதிரி படுது. பொதருக்குள்ள உக்காந்து பாடியிருக்கு, நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க.

தென்காசி_இசக்கி:
குமரன் அண்ணாச்சி, ரெண்டு கணவாய்க்கு நடுவுல முடிச்சிட்டீய. அடுத்தது எங்க கணவாய்க்கு தெக்க வாங்க, அசம்பு சிரிப்பான் பாக்கி இருக்கு. வனத்துறை அனுமதி வாங்கணும், அந்த வேலைய நான் பாக்குதேன். தென்காசில இறங்குனா வீட்டுக்கு வந்துட்டு தான் மலை ஏறணும், சொல்லிட்டேன்.